1/25 லாரி கிட்: ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கிறது, பிளக் வயரை எங்கே இணைப்பது?

முதல்லாரி எழுதியது:

வணக்கம். இதுவரை 1/24 அளவில் இரண்டு பிளாஸ்டிக் மாடல் கார் கிட்டுகளை முடித்திருக்கிறேன். இரண்டிலும் பெரிய சிக்கல் எதுவும் வரவில்லை. அந்தத் துணிச்சலில் லாரிக்கு வந்தேன். 1/25 அளவு, நீண்ட மூக்குள்ள அமெரிக்க டிராக்டர் லாரி. மூன்று அச்சு, பத்து டயர். பெட்டியைத் திறந்த அன்று பாகங்களை எண்ணிப் பார்ப்பதிலேயே இரவு கழிந்தது. இப்போது மூன்று மாதம் ஆகிறது. நான்கு இடங்களில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

முதலாவது சேசிஸ். இரண்டு நீளச் சட்டங்களையும் குறுக்குச் சட்டங்களையும் ஒட்டி, ஸ்பிரிங், அச்சு எல்லாம் பொருத்தி, ஆசையோடு டயர்களை மாட்டி மேசைமேல் வைத்தேன். கடைசி அச்சில் வலது ஜோடி டயர் தரையைத் தொடவில்லை. அடியில் அட்டைத் துண்டுகளைச் செருகி அளந்தேன். ஒன்றரை மிமீ இடைவெளி. விரலால் அழுத்தினால் இறங்குகிறது, உடனே எதிர்மூலையில் முன்சக்கரம் எழும்புகிறது.

இரண்டாவது எஞ்சின். காரில் செய்ததைப் போல இதிலும் பிளக் வயர் போட வேண்டும் என்று 0.3 மிமீ சிவப்பு வயர் எடுத்து வைத்திருக்கிறேன். ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் எந்தப் பாகம் என்று வழிகாட்டித் தாளை எத்தனை முறை புரட்டியும் தெரியவில்லை. கிட்டில் விடுபட்டிருக்கிறதா? தனியாக வாங்க வேண்டுமா?

மூன்றாவது டீசல் டேங்க். இரண்டு பாதிகளாக, குரோம் பூசி வருகிறது. ஒட்டினால் நடுவே தையல் போல ஒரு கோடு. உப்புத்தாள் போட்டால் குரோம் போய்விடும், போடாவிட்டால் கோடு நிற்கும்.

நான்காவது கேபின். சிவப்பு பிளாஸ்டிக். வெள்ளை அடிக்க ஆசை. கூரையின் உட்புறத்தில் ஓர் ஓரமாக வெள்ளை லாக்கர் ஸ்ப்ரே அடித்துப் பார்த்தேன். காய்ந்ததும் இளஞ்சிவப்பாக மாறிவிட்டது. மறுபடி மறுபடி அடித்தும் போகவில்லை.

இன்னொரு சிறு சந்தேகம்: காரில் மிச்சமான 1/24 பாகங்களை இதில் பயன்படுத்தலாமா?

அவசரம் ஒன்றும் இல்லை. நன்றாக வர வேண்டும், அவ்வளவுதான்.


வெள்ளிக்காகிதம் எழுதியது:

மூன்றாவதும் நான்காவதும் எனக்குப் பழகிய சங்கதிகள். அவற்றை மட்டும் சொல்கிறேன். சேசிஸுக்கும் எஞ்சினுக்கும் அச்சாணி ஐயா வருவார்.

கேபினை எடுத்துக்கொள்வோம். சிவப்பு பிளாஸ்டிக்கில் கலந்திருக்கும் சாயம் லாக்கரின் கரைப்பானில் கரைந்து பூச்சின் வழியாக மேலே ஏறுகிறது. மேலே மேலே அடிக்கும் வெள்ளை ஒவ்வொன்றும் புதிதாகச் சாயத்தைக் கரைத்து இழுத்துக்கொள்ளும். நடுவே ஒரு தடுப்பு வேண்டும். நான் வெள்ளி நிறப் பெயின்ட்டைத் தடுப்பாக அடிக்கிறேன். அதிலுள்ள உலோகச் செதில்கள் ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்து சாயத்தை மறிக்கின்றன. ஈரம் ஓட அடிக்கக் கூடாது. தூவினாற்போல இரண்டு மூன்று தடவை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. அதன்மேல் பிரைமர் எனும் அடிப்பூச்சு, பிறகு வெள்ளை. இதையும் கூரையின் உட்புறத்திலேயே சோதித்து இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். சாயம் சில நேரம் மெதுவாகத்தான் தலைகாட்டும்.

டேங்க்கைப் பொறுத்தவரை குரோமை எடுத்துவிடுங்கள் என்பதே என் பதில். அந்தப் பளபளப்பு உண்மையில் வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த மெல்லிய அலுமினியம். வெள்ளைத் துணிக்குப் போடும் சாதாரண பிளீச்சில் ஊறவைத்தால் கரைந்து போய்விடும். காற்றோட்டமான இடத்தில், கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள். பிளீச்சோடு அமோனியாவோ அமிலமோ கலந்த எந்தத் திரவத்தையும் சேர்த்துவிடாதீர்கள். நச்சு வாயு கிளம்பும். அலுமினியம் போன பிறகு அடியில் ஒரு லாக்கர் படலம் மிஞ்சும். நன்றாகக் கழுவி உலர்த்தி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் அதுவும் பெரும்பாலும் வந்துவிடும். பிறகு ஒட்டுங்கள், கோட்டை நிரப்புங்கள், தேயுங்கள். மேலே பளபளப்பான கறுப்பு அடித்து நன்றாக இறுக விட்டு, அதன்மேல் ஆல்கிளாட் போன்ற லாக்கர் உலோகப் பூச்சை ஏர்பிரஷ்ஷில் மெல்லத் தூவுங்கள். அடிக் கறுப்பு எவ்வளவு கண்ணாடியாக இருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் மேலே உலோகம் மின்னும்.

இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. நிஜ லாரியின் டேங்க் பெரும்பாலும் மெருகேற்றிய அலுமினியம், குரோம் கிடையாது. பம்பரும் புகைக்குழாயும் குரோமாக இருக்க, டேங்க் ஒரு படி மங்கலாக நின்றால் கண் உடனே நம்பிவிடும். டேங்க்கைச் சுற்றியுள்ள பட்டைகளுக்கு மட்டும் பேர் மெட்டல் ஃபாயில் எனும் மெல்லிய உலோக ஒட்டுத்தாளை ஒட்டுங்கள். புது பிளேடால் வெட்டுங்கள். ஒருமுறை பயன்படுத்திய பிளேடு அந்தத் தாளைக் கிழிக்கும்.

மூன்று மாதமாகப் பெட்டி திறந்திருக்கிறது என்கிறீர்கள். வினைல் டயர்கள் கண்ணாடிப் பாகங்களின்மேல் உரசிக்கொண்டு கிடக்கின்றனவா பாருங்கள். வினைலை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய் கசிந்து பாலிஸ்டிரீனை அரித்துவிடும். டயர்களை இன்றே தனிப் பையில் போட்டுவிடுங்கள்.


அச்சாணி எழுதியது:

நண்பரே, கிட்டில் எதுவும் விடுபடவில்லை. உங்களுடையது டீசல் எஞ்சின். டீசலில் தீப்பொறிக்கு வேலை இல்லை. காற்றை இறுக்கி அழுத்தும்போது பிறக்கும் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்கிறது. பிளக் இல்லாத இடத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் எதற்கு? அந்தச் சிவப்பு வயரை அடுத்த காருக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கேள்வியை ஒட்டுவதற்கு முன்பே கேட்டீர்களே, அதற்காக மகிழ்ச்சி. டீசல் எஞ்சினில் சிவப்பு பிளக் வயர் ஓடும் லாரி மாடல்களைப் பார்த்திருக்கிறேன். பெயின்ட் அருமையாக இருக்கும், மனம் அந்த எஞ்சினிலேயே சிக்கிக்கொள்ளும்.

எஞ்சினுக்குப் பிறகு வருகிறேன். சேசிஸ் நேராகாமல் மற்ற எதையும் தொடாதீர்கள்.

1/25 அளவில் ஒன்றரை மிமீ என்பது நிஜத்தில் ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர். நிஜ லாரியின் சட்டம் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும்படிதான் செய்யப்படுகிறது. பள்ளத்தில் இறங்கினால் ஸ்பிரிங்கும் சேர்ந்து வளைந்து சக்கரத்தைத் தரையோடு வைத்துக்கொள்ளும். நம் மாடலில் ஸ்பிரிங் வெறும் பிளாஸ்டிக் கட்டி. ஆகவே சட்டம் துல்லியமாக இருந்தே தீர வேண்டும்.

அச்சுகளைக் கழற்றுங்கள். ஒட்டிவிட்டீர்கள் என்றால் மெல்லிய ரம்ப பிளேடால் மூட்டை அறுத்து எடுங்கள். மனம் வராது, ஆனாலும் எடுங்கள். வெறும் சட்டத்தை ஒரு தடித்த கண்ணாடித் துண்டின்மேல் தலைகீழாக வையுங்கள். மேசையை நம்பாதீர்கள், மரப்பலகை எதுவும் சமமாக இருப்பதில்லை. நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். கண்ணாடியில் சட்டம் ஆடினால் டொக்கென்று ஒரு சத்தம் கேட்கும். ஆடவில்லை என்றால் சட்டம் குற்றமற்றது. கோளாறு ஸ்பிரிங் உட்காரும் இடத்திலோ அச்சிலோ இருக்கிறது, அதை அரத்தாலும் 0.25 மிமீ பிளாஸ்டிக் தாளாலும் சரிசெய்துவிடலாம்.

ஆடினால், சட்டமே முறுக்கிக்கொண்டதா, மூட்டு கோணியதா என்று பிரித்தறிய வேண்டும். சிறிய மூலைமட்டம் ஒன்றை எடுத்து ஒவ்வொரு குறுக்குச் சட்டமும் நீளச் சட்டத்தோடு சேரும் இடத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு நீளச் சட்டங்களுக்கும் இடையே வெளிப்புற அகலத்தையும் முன்னால், நடுவே, பின்னால் என்று அளந்து பாருங்கள். அமெரிக்கக் கனரக லாரிகளில் இந்த அகலம் வழக்கமாக 34 அங்குலத்தை ஒட்டி இருக்கும். 1/25-இல் அது 34.5 மிமீ. உங்கள் கிட் இதிலிருந்து சற்று மாறுபட்டாலும் பரவாயில்லை. சட்டத்தின் நேரான பகுதி முழுவதும் அளவு ஒன்றாக இருக்க வேண்டும்.

மூட்டுத்தான் கோணல் என்றால் அந்த ஒரு மூட்டை மட்டும் அறுத்து, கண்ணாடியின்மேல் வைத்து மறுபடி ஒட்டுங்கள். சுற்றி நான்கு மரக்கட்டைகளை இறுக்கி வைத்து ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விடுங்கள். எல்லா மூட்டும் நேராக இருந்தும் சட்டம் முறுக்கியிருந்தால்தான் வெந்நீர். கொதிநீர் வேண்டாம்; பாலிஸ்டிரீன் 100 டிகிரியை நெருங்கினால் இளகித் தொய்ந்துவிடும். 70 டிகிரி அளவில், தட்டையான பாத்திரத்தில், சட்டம் முழுவதும் மூழ்கும்படி இரண்டு நிமிடம். வெளியே எடுத்து, முறுக்குக்கு எதிர்ப்பக்கம் தேவைக்கு ஓர் இழை கூடுதலாகத் திருப்பிப் பிடித்து, அப்படியே குளிர்ந்த நீரில் அமிழ்த்துங்கள். ஒரே முறையில் சரியாகாது. மூன்று நான்கு முறை செய்யுங்கள், ஒவ்வொரு முறையும் கண்ணாடியில் தட்டிப் பாருங்கள்.

இனி எஞ்சின். உங்கள் எஞ்சினின் தலைப்பகுதியைப் பாருங்கள். வால்வு மூடி ஒன்றாக நீண்டிருக்கிறதா, மூன்று தனித்தனி மூடிகளாக இருக்கிறதா? மூன்று என்றால் அது பெரும்பாலும் கம்மின்ஸின் 855 கன அங்குலக் குடும்பம், அதாவது 14 லிட்டர். அதில் இரண்டிரண்டு சிலிண்டருக்கு மேலே மூடும் ஹெட் ஒன்று, ஆக மூன்று ஹெட். அந்த எஞ்சினில் எரிபொருள் பம்ப் குறைந்த அழுத்தத்தில்தான் டீசலை அனுப்புகிறது. கேம் தண்டு தள்ள, டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டரே கடைசி அழுத்தத்தைக் கொடுக்கிறது. ஆகவே பம்ப்பிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாய் ஓடாது. வெளியே தெரிவது டீசல் போகும் குழாய், திரும்பும் குழாய், ஹெட்களை இணைக்கும் சிறு துண்டுகள், அவ்வளவே. கேட்டர்பில்லர் 3406 போல உயர் அழுத்த பம்ப் வைத்த எஞ்சின் என்றால் கதை வேறு: ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் எஃகுக் குழாய், மொத்தம் ஆறு, பக்கவாட்டில் அழகாக வளைந்து ஏறும். நிஜத்தில் 6 மிமீ தடிமன் என்றால் நமக்கு 0.24 மிமீ. டெட்ராய்ட் டீசலின் 71 வரிசையிலோ இன்ஜெக்டர்கள் வால்வு மூடிக்குள்ளேயே மறைந்திருக்கும். 71 என்பது ஒரு சிலிண்டரின் கன அங்குல அளவு. 8வி-71 என்றால் அப்படி எட்டு சிலிண்டர்.

மூன்றும் டீசல்தான், மூன்றிலும் குழாய் ஓடும் வழி வேறு. காரிலும் இதே கதை. செவர்லே வி8-இல் டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினுக்குப் பின்னால், ஃபோர்டின் 289, 302 எஞ்சின்களில் முன்னால். செவர்லேயின் பற்றவைப்பு வரிசை 1-8-4-3-6-5-7-2. அந்த வரிசைப்படி வயர் போட்டவருக்கு எந்த வயர் எதன்மேல் ஏறிப் போகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தானாகவே நிஜம் போலக் குறுக்கிட்டுக்கொள்ளும்.

ஒரு குழாயை ஒட்டும் முன் நான் இரண்டே கேள்வி கேட்டுக்கொள்கிறேன். எங்கிருந்து வருகிறது? எங்கே போகிறது? இரண்டுக்கும் பதில் தெரியாவிட்டால் அந்தக் குழாயைப் போட மாட்டேன்.

1/24 பாகங்களைப் பற்றி: வேறுபாடு நூற்றுக்கு நான்குதான். நிஜத்தில் ஒரு மீட்டர் 1/24-இல் 41.7 மிமீ, 1/25-இல் 40 மிமீ. இருக்கை, ஸ்டீயரிங், கருவிகள் எல்லாம் தாராளமாகப் போகலாம். டயரையும் கண்ணாடியையும் மட்டும் கலக்காதீர்கள். ஏஎம்டி போன்ற அமெரிக்கக் கிட்டுகள் பெரும்பாலும் 1/25, டாமியா, ஹசெகாவா கார்களும் இட்டாலெரி லாரிகளும் 1/24 என்பதால் இந்தக் கேள்வி எல்லாருக்கும் ஒருநாள் வரும்.


முதல்லாரி எழுதியது:

ஐயா, கண்ணாடியில் வைத்தேன். டொக்கென்று கேட்டது.

மூலைமட்டம் வைத்ததில் மூன்றாவது குறுக்குச் சட்டத்தில் ஒளி தெரிந்தது. அறுத்து எடுத்துப் பார்த்தபோது காரணம் கையில் கிடைத்தது. பாகங்களைத் தாங்கி வரும் ஸ்ப்ரூ கம்பியிலிருந்து வெட்டிய இடத்தில் ஒரு சிறு முனை துருத்திக்கொண்டிருந்தது, அரை மிமீகூட இருக்காது. அதன்மேலேயே ஒட்டியிருக்கிறேன். அந்த அரை மிமீதான் கடைசி அச்சுக்குப் போவதற்குள் ஒன்றரை மிமீ ஆகியிருக்கிறது. அரத்தால் தேய்த்து மறுபடி ஒட்டி, நான்கு கட்டைகளுக்கு நடுவே வைத்திருக்கிறேன். நாளை இரவுவரை தொட மாட்டேன்.

எஞ்சினில் மூன்று மூடிகள் இருக்கின்றன! ஆறு குழாய் போடாமல் தப்பித்தேன். டயர்களையும் தனிப் பையில் போட்டுவிட்டேன். ஒரு டயர் பின்கண்ணாடிமேல்தான் கிடந்தது, நல்லவேளை தடம் விழவில்லை.

இப்போது ஆசை பிரேக் பக்கம் திரும்பியிருக்கிறது. பின் அச்சுகளில் உருளை போன்ற பாகங்கள் நான்கு, முன் அச்சில் இரண்டு. இவற்றுக்குக் குழாய் உண்டா? கேபினுக்குப் பின்னால் தொங்கும் சுருள் குழாய்களை எப்படிச் செய்வது?


மெருகு எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். அச்சாணி ஐயாவின் அறிவின்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் புதிதாக வருபவர்களை நாம் சேசிஸுக்கு அடியிலேயே நிறுத்திவிடுகிறோம் என்று படுகிறது. மாடலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பவர் எத்தனை பேர்? எல்லாரும் பார்ப்பது கேபினையும் போனட்டையும். நேரம் அங்கே போக வேண்டும்.

முதல்லாரிக்குச் சொல்கிறேன். வெள்ளை அடிக்கும் முன் கேபினை விளக்கின் அடியில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கூரையின் ஓரத்திலும் மட்கார்டுகளின் முகட்டிலும் இழைபோல ஒரு கோடு ஓடும். பிளாஸ்டிக்கை வார்த்த அச்சின் இரு பாதிகள் சந்தித்த இடம் அது. 400, பிறகு 600 உப்புத்தாளை ஈரமாக்கித் தேய்த்து எடுத்துவிடுங்கள். பெயின்ட் அதை மறைக்காது, இன்னும் எடுத்துக்காட்டும்.

பெயின்ட்டின் கனத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். தடுப்பு, பிரைமர், வெள்ளை, மேலே நிறமற்ற கிளியர் எல்லாம் சேர்ந்து 0.1 மிமீ ஏறினால் அது நிஜ லாரியில் இரண்டரை மிமீ கனம். கதவு இடுக்குகள் மூடிக்கொள்வது இதனால்தான். பிரைமருக்கு முன்பே ஊசிமுனையால் எல்லா இடுக்குகளையும் ஒரே ஆழத்துக்குக் கீறிக்கொள்ளுங்கள். பெரும் அழுத்தம் கொடுத்து ஒருமுறை கீறுவதைவிட, ஊசியின் எடையிலேயே பத்து முறை இழுப்பது நல்லது, கை வழுக்காது. கேபினுக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். பிரேக் குழாய் காத்திருக்கட்டும்.


அச்சாணி எழுதியது:

மெருகு சொன்ன ஒவ்வொரு வரியும் சரி. அந்த ஊசி வேலையை நானும் அப்படியே செய்கிறேன். அடியில் யாரும் பார்ப்பதில்லை என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாடல் கண்காட்சியில் என் லாரியை வைத்திருந்தேன். பெரியவர் ஒருவர் வந்தார். வாழ்நாள் முழுக்க லாரி ஓட்டியவர் என்று பிறகுதான் தெரிந்தது. கேபினைச் சற்றுநேரம் பார்த்தார். அப்புறம் மெதுவாக மண்டியிட்டு, கைவிளக்கை எடுத்து, முன் அச்சுக்குக் கீழே அடித்துப் பார்த்தார். "முன்சக்கரத்துக்கு ஏன் இரண்டு குழாய்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பின்னால் இரண்டு இருக்கிறதே என்று முன்னாலும் இரண்டு போட்டிருந்தேன். அவர் என் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, ஒரு துண்டுக் காகிதத்தில் வரைந்து காட்டினார். முதல்லாரி இப்போது கேட்டிருக்கும் கேள்விக்கு நான் சொல்லப்போகும் பதில் முழுவதும் அந்தக் காகிதத்தில் இருந்தது.

பின்னால் இருக்கும் உருளைகளை முன்னால் இருப்பவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பின்னவை நீளமாக, இரண்டு டப்பாக்களை முதுகோடு முதுகாக ஒட்டியதுபோல இருக்கும். முன்னவை குட்டை. ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கும்போது காற்று நுழைய ஓர் அறை; அது எல்லாச் சக்கரத்துக்கும் உண்டு. பின்னால் கூடுதலாக உள்ள டப்பாவுக்குள் ஒரு வலிமையான ஸ்பிரிங் இருக்கிறது. அது எப்போதும் பிரேக்கைப் பிடிக்கவே பார்க்கும். காற்றழுத்தம் அதை அமுக்கி வைத்தால்தான் லாரி நகரும். காற்று தீர்ந்தால் ஸ்பிரிங் வென்று பிரேக் பிடித்துக்கொள்ளும். லாரியை நிறுத்திவைப்பதும் இதே ஸ்பிரிங்தான். ஆகவே பின் உருளை ஒவ்வொன்றுக்கும் இரண்டு குழாய், முன்னவைக்கு ஒவ்வொன்று. நான்கு பின் உருளைகளும் நீளமாக இருந்தால் மொத்தம் பத்துக் குழாய். சில லாரிகளில் ஒரு பின் அச்சில் மட்டுமே நீள உருளை இருக்கும். உங்கள் கிட்டில் உள்ள வடிவத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

உருளைக்குப் போகும் ரப்பர் குழாய் நிஜத்தில் 19 மிமீ தடிமன், 0.75 மிமீ ஈயக்கம்பி அதற்குச் சரியாக இருக்கும். சட்டத்தின் உட்புறமாக ஓடும் பிளாஸ்டிக் குழாய்களுக்கு 0.4 மிமீ போதும். ரப்பர் குழாயை இழுத்துக் கட்டியதுபோல நேராகப் போடாதீர்கள். அச்சு மேலும் கீழும் ஆடும்போது குழாய் அறுந்துவிடாமல் இருக்க நிஜத்தில் ஒரு தொய்வு விட்டிருப்பார்கள். அந்தத் தொய்வைக் கொடுங்கள், உடனே அந்த அச்சு அசையக்கூடியது என்று தோன்றும். உருளையில் 0.7 மிமீ துளை போட்டு, கம்பியின் நுனியைச் சற்றுச் சீவி உள்ளே செருகி, ஒரு துளி சூப்பர் குளூ. துளையில்லாமல் மேலே ஒட்டினால் அடுத்த மாதம் கழன்றுவிடும்.

சுருள் குழாய்க்கு 0.5 மிமீ மெல்லிய செப்புக் கம்பியை முதலில் தீயில் காட்டிப் பதப்படுத்துங்கள். சாமணத்தால் பிடித்து, மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கி ஆறவிட்டால் நூல்போல வளையும். 2.5 மிமீ டிரில் பிட்டின் வழுவழுப்பான தண்டில் சுற்றுக்குச் சுற்று ஒட்டினாற்போல இறுக்கிச் சுற்றுங்கள். பிறகு கழற்றி இரண்டு முனைகளையும் மெல்ல இழுத்தால் சுற்றுகள் சீராகப் பிரியும். இழுத்த பிறகே பெயின்ட் அடியுங்கள். முன்பே அடித்தால் விரிசல் விடும். அமெரிக்க லாரியில் டிரெய்லருக்குக் காற்று தரும் குழாய் சிவப்பு, பிரேக் சைகையைக் கொண்டுபோகும் குழாய் நீலம். ஐரோப்பிய லாரியில் நீலத்துக்குப் பதிலாக மஞ்சள். இரண்டோடும் சேர்ந்து ஒரு மின்கம்பியும் வரும்.

உங்கள் லாரிக்கு டிரெய்லர் இல்லை. அப்படியானால் சுருள்களின் மறுமுனை சும்மா தொங்கக் கூடாது. கேபினுக்குப் பின்னால் அவற்றை மாட்டிவைக்கும் கொக்கி இருக்கும். இணைப்பு முனைகளில் தூசி புகாமல் இருக்க வெற்றுப் பிடிகளில் செருகிவைப்பார்கள். அந்த இரண்டு பிடிகளையும் பிளாஸ்டிக் தாளில் வெட்டிச் செய்துவிடலாம், அரைமணி வேலை.

டிரெய்லர் உட்காரும் வட்டத் தகட்டை மறந்துவிடாதீர்கள். அதன் நடுப்பகுதி எப்போதும் கிரீஸில் ஊறிக் கறுத்திருக்கும். கறுப்பு எனாமலில் ஒரு சொட்டுப் பழுப்பு கலந்து தடிப்பாகத் தேய்த்து, வழவழப்பான கிளியரை அங்கே மட்டும் தொடுங்கள். புது லாரி என்று சொல்லி அதைச் சுத்தமாக விட்டால் ஒருநாளும் வேலை செய்யாத லாரி ஆகிவிடும்.

மெருகு, கேபின் முடிந்ததும் முதல்லாரியை உங்களிடம் ஒப்படைக்கிறேன். கிளியரை மெருகேற்றுவதில் எனக்கு உங்கள் கை வராது.


மெருகு எழுதியது:

அந்தப் பெரியவரின் காகிதம் இன்னும் இருக்கிறதா ஐயா?


அச்சாணி எழுதியது:

இருக்கிறது. மடிப்புகளில் கிழிந்துவிட்டது, பின்னால் தாள் ஒட்டி வைத்திருக்கிறேன். வேலை மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறேன்.


முதல்லாரி எழுதியது:

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, பதினாறு நாட்கள். வேலையிலேயே மூழ்கிவிட்டேன்.

என் கிட்டில் முதல் பின் அச்சில்தான் நீள உருளை. கடைசி அச்சில் குட்டை. மொத்தம் எட்டுக் குழாய். எட்டுக்கும் துளை போட்டேன், ஒன்றில் மட்டும் பிட் உடைந்து உள்ளேயே நின்றுவிட்டது; பக்கத்தில் ஒரு மயிரிழை தள்ளி வேறு துளை போட்டு அதை மறைத்தேன். முன் அச்சில் ஒவ்வொன்றுதான். தொய்வு கொடுத்திருக்கிறேன்.

வெள்ளிக்காகிதம் சொன்னபடி வெள்ளித் தடுப்பு கூரையின் உட்புறத்தில் பத்து நாளாக வெள்ளையாகவே நிற்கிறது. கேபின் வெளிப்புறத்தில் கோடுகளைத் தேய்த்து, கதவு இடுக்குகளைக் கீறி முடித்தேன். மெருகு சொன்ன கூரைக் கோடு இருந்தது. நான் அதை நிஜ லாரியின் அம்சம் என்று நினைத்திருந்தேன். டேங்க் பிளீச்சிலிருந்து வந்து ஒட்டியாகிவிட்டது, கறுப்பு இறுகிக்கொண்டிருக்கிறது.

நேற்று இரவு அச்சுகளைத் திரும்ப மாட்டி, டயர்களைப் போட்டு, கண்ணாடிமேல் வைத்தேன். மெல்லிய தாளை விரல் அகலத்துக்கு வெட்டி ஒவ்வொரு டயரின் அடியிலும் செருகிப் பார்த்தேன். முன்னால் இரண்டு, பின்னால் எட்டு. பத்திலும் தாள் உள்ளே போகாமல் மடங்கிக்கொண்டது.